ஹௌல்ஸ் மூவிங் காசில்: இதில் காதல் எந்த இடத்தில் நடந்தது?

மழைநாள்வாசகி:

இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள், முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.

டயானா வின் ஜோன்ஸ் எழுதிய 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' நாவலை நேற்று இரவு முடித்தேன். இரண்டே நாள். 1986-இல் வந்த புத்தகம் என்று நம்பவே முடியவில்லை, போன மாதம் எழுதியது போல அவ்வளவு துறுதுறுப்பாக இருக்கிறது. சிரித்துக்கொண்டே படித்தேன், மூடி வைத்தபோது மனசு நிறைந்திருந்தது. ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு ஒரு சந்தேகம் வந்து தூங்க விடவில்லை. சோஃபியும் மந்திரவாதி ஹௌலும் எந்த இடத்தில் காதலிக்க ஆரம்பித்தார்கள்?

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கரி என்ற நாட்டில் ஓர் எட்டு வைத்தால் ஏழு காதம் தாண்டும் பூட்ஸ் நிஜமாகவே உண்டு, ஆளை மறைக்கும் அங்கியும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் மூன்று பிள்ளைகளில் மூத்தவளாகப் பிறப்பது பெரிய துரதிர்ஷ்டம், ஏனென்றால் தேவதைக் கதைகளில் மூத்தது எப்போதும் தோற்றுத்தான் போகும், கடைக்குட்டிதான் ஜெயிக்கும். சோஃபி மூத்தவள். அதனால் தன் வாழ்க்கையில் எதுவும் நடக்காது என்று அவளே முடிவு செய்துகொண்டு, அப்பா விட்டுப்போன தொப்பிக் கடையில் உட்கார்ந்து தொப்பிகளோடு பேசிக்கொண்டே தைக்கிறாள். இந்தத் தொடக்கமே என்னைப் பிடித்து இழுத்துவிட்டது. பிறகு பாழ்நிலத்துச் சூனியக்காரி வந்து அவளைக் கிழவியாக்கிவிட்டுப் போகிறாள், சாபத்தைப் பற்றி யாரிடமும் வாய்திறக்கவும் முடியாது. வேறு எந்தக் கதையாக இருந்தாலும் அந்தப் பெண் பத்துப் பக்கம் அழுதிருப்பாள். சோஃபி கண்ணாடியைப் பார்க்கிறாள், சரி, இதுதான் என்றால் இதுதான் என்று ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்! அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

கிழவியான பிறகு அவளுக்கு வரும் தைரியம் இருக்கிறதே, அதுதான் புத்தகத்தின் உயிர். இளம்பெண்ணாக இருந்தபோது தெருவில் ஒருவன் பேச்சுக் கொடுத்தாலே நடுங்கியவள், இப்போது மந்திரவாதியின் கோட்டைக்குள் கேட்காமலேயே நுழைந்து, அடுப்பு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நெருப்புப் பூதம் கால்சிஃபரோடு பேரம் பேசி, மறுநாள் காலையில் நான்தான் புது வேலைக்காரி என்று அறிவித்துவிடுகிறாள்.

இப்போது என் குழப்பத்துக்கு வருகிறேன். ஹௌல் குளியலறையில் இரண்டு மணி நேரம் செலவழிக்கிறான், எதையும் நேராகச் செய்யமாட்டான், ராஜா கூப்பிட்டால் நழுவப் பார்க்கிறான், ஒரு பெண் தன்மேல் ஆசை வைக்கும் வரை துரத்திவிட்டு வைத்தவுடன் ஓடிவிடுகிறான். கதை முழுவதும் அவன் முதலில் சோஃபியின் தங்கை லெட்டியின் பின்னாலும் அப்புறம் மிஸ் ஆங்கோரியன் என்ற ஆசிரியை பின்னாலும்தான் போகிறான். சோஃபியோடு அவன் செய்வது சண்டை மட்டும். ஒரு கனிவான பேச்சு, ஒரு நிலா வெளிச்சம், எதுவும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்தது, கண்ணே கலங்கியது, ஆனால் ஏன் கலங்கியது என்று யோசித்தால் காரணம் கிடைக்கவில்லை. நான் வேகமாகப் படித்ததில் எதையாவது தவறவிட்டேனா? மறுபடி மறுபடி படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள், சொல்லுங்கள்.

பழையதாள்:

ஐந்து முறை படித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் தோழி.

நீங்கள் தவறவிட்டீர்கள் என்று சொல்லமாட்டேன். முதல் முறை படிக்கும்போது யாருக்குமே தெரியாத மாதிரிதான் அவர் எழுதியிருக்கிறார். ஏனென்றால் முழுக்கதையையும் நாம் சோஃபியின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், சோஃபிக்கோ தன்னை ஒருவன் விரும்பக்கூடும் என்ற நினைப்பே கிடையாது. அவள் பார்க்காததை நாமும் பார்ப்பதில்லை. இரண்டாவது முறை படிக்கும்போது அவள் கண்ணை நம்பாமல் நடப்பதை மட்டும் பாருங்கள், வேறு கதையாக இருக்கும்.

முதலில் கோட்டையில் யார் யார் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பாருங்கள். மைக்கேல் அநாதைப் பையன், தங்க இடமில்லாமல் ஹௌலின் வாசற்படியில் படுத்திருந்தவன். ஹௌல் அவனை இங்கேயே தங்கு, என்னிடம் வேலை கற்றுக்கொள் என்றெல்லாம் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை, பையன் அப்படியே இருந்துவிட்டான். கால்சிஃபரும் அப்படித்தான். விழுந்து சாகப்போகும் நட்சத்திரம் அது, பரிதாபப்பட்டுப் பிடித்துத் தன் இதயத்தையே கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறான். மூன்றாவதாக சோஃபி. முன்பின் தெரியாத ஒரு கிழவி வந்து வீட்டைத் தலைகீழாக்குகிறாள், அவனுடைய குளியலறைப் பொட்டலங்களை இடம் மாற்றி வைத்து முடியின் நிறத்தையே கெடுத்துவிடுகிறாள், அவன் வீடு முழுக்கப் பச்சைக் கூழ் வழியும் அளவுக்கு அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறான், ஆனால் அதற்குப் பிறகும் போ என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த ஆளுக்கு அன்பு காட்டத் தெரிந்த ஒரே வழி இதுதான், வந்தவரை வெளியே அனுப்பாமல் இருப்பது. இது பிடிபட்டவுடன் எனக்குப் பல காட்சிகள் மாறிப்போயின.

அப்புறம் ராஜாவிடம் போகும் இடம். தன் பெயரைக் கெடுத்துச் சொல்லி வேலையிலிருந்து தப்பிக்க வைக்கும்படி சோஃபியைத் தன் அம்மா என்று வேஷம் போட்டு அனுப்புகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் கோழைத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவளைத் தன் குருவான மிஸஸ் பென்ட்ஸ்டெமனிடம் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துகிறான் பாருங்கள். தன்னை முழுதாக அறிந்த ஒரே மனுஷி அவர். அவரிடம் ஒரு வேலைக்காரக் கிழவியை யார் கூட்டிப்போவார்கள்? அவரும் பார்த்த மாத்திரத்தில் இவளுக்கு மந்திரசக்தி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்.

கடைசியாக, நீங்கள் கண் கலங்கிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரி வருகிறது, வேகமாகப் படித்தால் தாண்டிப்போய்விடும். பாழ்நிலத்தில் சூனியக்காரியிடம் சோஃபி மாட்டிக்கொண்டிருக்கும்போது ஹௌல் வந்து சேர்கிறான். எப்படி வருகிறான்? முகம் மழிக்கவில்லை, தலை சீவவில்லை, கண் சிவந்திருக்கிறது, சட்டைக் கை கிழிந்திருக்கிறது. புத்தகம் முழுவதும் இரண்டு மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்றவன் தோழி! இருபது அத்தியாயமாக அவனுடைய அலங்காரத்தைக் கிண்டலாகக் காட்டிக்கொண்டே வந்தது இந்த ஒரு வரிக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உன்னை நேசிக்கிறேன் என்று அவன் ஒரு பக்கம் வசனம் பேசியிருந்தால்கூட என்னை இந்த அளவுக்குத் தொட்டிருக்காது.

சண்டை மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சண்டைகளை மறுபடி படியுங்கள். ஹௌல் வேறு எந்தப் பெண்ணிடமும் சண்டை போடுவதே இல்லை, எல்லோரிடமும் தேன் ஒழுகப் பேசுவான். சோஃபியிடம் மட்டும்தான் கோபப்படுவான், அழுவான், சளி பிடித்துப் படுத்துக்கொண்டு யாரும் கவனிக்கவில்லையே என்று வீடு அதிரப் புலம்புவான். வேஷம் போடாமல் இருக்க முடிகிற ஒரே ஆள் அவள்தான்.

நிலாமுற்றம்:

பழையதாள் சொன்னது அழகாக இருக்கிறது, முகம் மழிக்காமல் வரும் வரி எனக்கும் உயிர். ஆனால் கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது.

முடிவு அவசரமாகத்தான் இருக்கிறது. நாயாக மாறிக்கொண்டிருந்த மனிதன், சோளக்கொல்லை பொம்மை, மண்டையோடு, காணாமல்போன இளவரசர் ஜஸ்டின், மந்திரவாதி சுலிமான், இத்தனை முடிச்சுகளும் கடைசிச் சில பக்கங்களில் ஒரே நேரத்தில் அவிழ்கின்றன. யாருடைய தலை, யாருடைய உடம்பு என்று நான் இரண்டு முறை திரும்பிப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். போதாததற்கு சோஃபியின் குடும்பம் மொத்தமும் அதே நேரத்தில் அந்த அறைக்குள் வந்து நிற்கிறது. மிஸ் ஆங்கோரியன் யார் என்ற உண்மை எனக்குப் பிடித்த திருப்பம், முன்னாடியே குறிப்புகள் கொடுத்திருக்கிறார், ஆனால் அது வெடிக்கும் நேரத்தில் மற்ற பத்து விஷயங்களும் வெடிப்பதால் அதன் பலம் பாதி போய்விடுகிறது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்வதால்தான் காதல் திடீரென்று வந்தது போலத் தோன்றுகிறது. அங்கே நாலு பக்கம் அமைதி இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பது என் கருத்து.

இன்னொன்று, ஹௌலின் பெண் துரத்தலை நாம் ரொம்ப எளிதாக மன்னித்துவிடுகிறோம். அவனிடம் இதயம் இல்லை, அதைக் கால்சிஃபரிடம் கொடுத்துவிட்டான், அதனால்தான் அப்படி நடந்துகொண்டான் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். இதயம் இல்லாமலேயே மைக்கேலை வைத்துக்கொண்டவன், இதயம் இல்லாமலேயே ஏழைகளிடம் மந்திரத்துக்குக் காசு வாங்காமல் விட்டவன். அவனுடைய தாராளத்தால் செலவுக்கு இல்லாமல் போகும் என்று மைக்கேல் பணத்தை ஒளித்துவைக்கும் அளவுக்கு இளகிய மனசு அவனுக்கு. அப்படியானால் பெண்களிடம் மட்டும் அவன் பொறுப்பில்லாமல் நடந்தது அவனுடைய தப்புதான். எழுத்தாளரும் அதை மறைக்கவில்லை, சோஃபி அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். இன்றைய இளையோர் நாவல்களில் நாயகனின் எல்லாக் கெட்ட குணத்துக்கும் பின்னால் ஒரு சோகக் கதையை வைத்து நம்மை இரக்கப்பட வைத்துவிடுவார்கள். இந்தப் புத்தகம் அதைச் செய்யவில்லை என்பதால்தான் எனக்கு இதன்மேல் மரியாதை. அவன் இருக்கிற மாதிரியே இருக்கிறான், அவளும் அதைத் தெரிந்துகொண்டே இருக்கிறாள்.

வயது வித்தியாசமும் எனக்குக் கொஞ்சம் நெருடியது, அவனுக்கு 27, அவள் இப்போதுதான் வளர்ந்த பெண். கதை முழுவதும் அவள் கிழவியாக அவனை அதட்டுவதால் அந்த வித்தியாசம் தலைகீழாகிவிடுகிறது என்பதும் உண்மைதான், ஆனாலும் இளம் வாசகர்களுக்குக் கொடுக்கும்போது அதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் கொடுப்பேன்.

நாலாவதுகதவு:

நான் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவன். 2004-இல் ஹயாவோ மியாசாகி எடுத்த ஜப்பானிய அனிமேஷன் படம், ஜிப்லி ஸ்டுடியோவுடையது. அதில் ஹௌல் போரை எதிர்த்துப் பறவையாகப் பறந்து போராடுபவன், சோகமும் கம்பீரமுமாக இருப்பான், காதலும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். கேள்வி கேட்டவரும் படத்தைப் பார்த்திருந்தால் இந்த ஏமாற்றம் வருவது இயல்பு. புத்தகத்தில் அந்தப் போர் கிடையாது. மைக்கேல் புத்தகத்தில் சோஃபியின் தங்கை மார்த்தாவைக் காதலிக்கும் வாலிபன், படத்தில் சின்னப் பையன். இரண்டும் எனக்குப் பிடிக்கும், இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் நான் பேச வந்தது கதவைப் பற்றி. கோட்டையின் கதவுப்பிடியைத் திருப்பினால் நாலு நிறத்துக்கு நாலு இடம் திறக்கும் இல்லையா, அதில் கறுப்புக்குத் திருப்பினால் எங்கே போகும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. வேல்ஸ்! நம்முடைய உலகத்து வேல்ஸ், கார்கள், டிவி, கம்ப்யூட்டரில் விளையாடும் பையன், தம்பி உருப்படவில்லையே என்று கரித்துக்கொட்டும் அக்கா. பயங்கர மந்திரவாதி ஹௌல் அங்கே வெறும் ஹௌவெல் ஜென்கின்ஸ். அக்கா வீட்டுக்கு ரிவெண்டெல் என்று பெயர், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கினின் எல்ஃப்கள் வாழும் இடத்தின் பெயர் அது. ஜோன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது டோல்கினின் விரிவுரைகளைக் கேட்டவர் என்று தெரிந்தபோது எனக்கு அந்தப் பெயர்ப்பலகை இன்னும் பிடித்துப்போனது. படத்தில் இந்த வேல்ஸ் பகுதி இல்லவே இல்லை, அது எனக்குப் பெரிய குறை. அவன் எதற்கெல்லாம் ஓடி ஒளிகிறான் என்பது அந்த வரவேற்பறையில்தான் எனக்குப் புரிந்தது. சொந்த அக்காவின் கண்ணில் தான் ஒன்றுமில்லாதவன் என்று தெரிந்தே, அக்கா பிள்ளைகளைப் பார்க்க அவன் திரும்பத் திரும்பப் போகிறான்.

அங்கேதான் ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதையும் வருகிறது. அக்கா பையனின் பள்ளிக்கூடப் பாடம் தவறி இங்கரிக்கு வந்துவிடுகிறது, மைக்கேலும் சோஃபியும் அதை மந்திரக் குறிப்பு என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டன் 1631-இல் இறந்தவர், கவிதை அச்சானது 1633-இல். விழும் நட்சத்திரத்தைப் பிடி, கடற்கன்னி பாடுவதைக் கேள் என்று நடக்கவே முடியாத காரியங்களை அடுக்கி, இவை நடந்தாலும் நடக்கும், அழகும் உண்மையும் சேர்ந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்க முடியாது என்று முடியும் கவிதை அது. ஜோன்ஸ் என்ன செய்தார் பாருங்கள். சூனியக்காரி அந்தக் கவிதையை ஹௌலுக்குச் சாபமாக வைத்திருக்கிறாள், நடக்க முடியாத ஒவ்வொன்றும் அவன் வாழ்க்கையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. நட்சத்திரத்தை அவன் ஏற்கெனவே பிடித்துவிட்டான், அதுதான் அடுப்பில் எரிகிறது. கவிதையில் பத்தாயிரம் நாள் பயணம் என்று ஒரு வரி உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 27 வயதும் நாலரை மாதமும் ஆனவன் பத்தாயிரம் நாள் வாழ்ந்தவன், ஹௌலுக்கு அது கோடைநடு நாளில் நிறைவடைகிறது. எல்லாம் பலித்துவிட்டால் மிச்சம் என்ன? அப்படி ஒரு பெண் இல்லவே இல்லை என்ற கடைசிக் குற்றச்சாட்டு மட்டும். அதற்குப் பதிலாகத்தான் கையில் துடைப்பத்தோடு ஒருத்தி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதைவிட நேரான காதல் கதை எனக்குத் தெரியாது.

சின்னவிளக்கு:

நான் இப்போதுதான் பாதியில் இருக்கிறேன், எச்சரிக்கை இருந்தும் எல்லாவற்றையும் படித்துவிட்டேன், பரவாயில்லை, ஆர்வம் கூடத்தான் செய்கிறது.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தின் முன்னால் ஒரு நன்றிக்குறிப்பு இருக்கிறது, பலர் தாண்டிப்போயிருப்பீர்கள். அவர் போயிருந்த ஒரு பள்ளியில் ஒரு பையன், நகரும் கோட்டை என்று ஒரு கதை எழுதுங்கள் என்று கேட்டானாம். பெயரை எழுதிப் பத்திரமாக எங்கேயோ வைத்ததில் பிறகு அந்தத் தாளே கிடைக்கவில்லையாம், அதனால் பெயர் சொல்லாமல் நன்றி சொல்கிறார். அந்தப் பையன் என்றைக்காவது இதைப் படித்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்டிருப்பானா என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

அடுத்த பாகங்கள் உண்டா, அதில் இவர்கள் இரண்டு பேரும் வருகிறார்களா?

பழையதாள்:

உண்டு சின்னவிளக்கு. 'காசில் இன் தி ஏர்' 1990-இல் வந்தது, 'ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்' 2008-இல். இரண்டிலும் நாயகர்கள் வேறு. முதலாவதில் கம்பளம் விற்கும் அப்துல்லா, அடுத்ததில் புத்தகத்திலிருந்து தலை தூக்காத சார்மெயின் என்ற பெண். சோஃபியும் ஹௌலும் இரண்டிலும் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்பதைச் சொன்னால் பாவம், நீங்களே பாருங்கள். ஆசிரியர் 2011-இல் காலமாகிவிட்டார், இனி புதிதாக வராது. 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' புத்தகத்துக்கு 2006-இல் ஃபீனிக்ஸ் விருது கொடுத்தார்கள். வந்த காலத்தில் பெரிய பரிசு எதுவும் வாங்காமல் போன புத்தகங்களை இருபது வருஷம் கழித்துத் தேடிக் கௌரவிக்கும் விருது அது. இந்தப் புத்தகத்துக்கு அது ரொம்பப் பொருத்தம்.

மழைநாள்வாசகி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேற்றும் இன்றும் திரும்பப் போய்ச் சில பகுதிகளைப் படித்தேன்.

பழையதாள் சொன்ன முகம் மழிக்காத வரியை நான் படித்திருக்கிறேன், ஆனால் பாழ்நிலத்தில் அலைந்து வந்த களைப்பு என்று நினைத்துத் தாண்டியிருக்கிறேன். இப்போது படித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நிலாமுற்றம் சொன்னதும் சரிதான், அந்த நாலு பக்க அமைதிக்கு நான் இப்போதும் ஏங்குகிறேன், இத்தனை பேர் ஒரே அறையில் நிற்காமல் அவர்கள் இரண்டு பேரையும் கொஞ்சம் தனியாக விட்டிருக்கலாம்.

ஆனால் நான் தேடிப் போனது வேறு ஒன்று, கிடைத்தது வேறு ஒன்று. காதல் எங்கே ஆரம்பித்தது என்று தொப்பிக் கடை அத்தியாயத்திலிருந்து பார்த்தேன். சோஃபி ஒவ்வொரு தொப்பியிடமும் உனக்கு நல்லது நடக்கும், உன்னைப் பெரிய இடத்து ஆள் விரும்புவான் என்று பேசிக்கொண்டே தைக்கிறாள். அதை வாங்கிப் போட்ட பெண்ணை ஒரு பிரபு நிஜமாகவே கூட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான்! அவள் பேசினால் பலிக்கும், அதுதான் அவளுடைய மந்திரம், அது அவளுக்கே தெரியாது. கைத்தடியிடம் பேசினாள், அது மந்திரக்கோல் ஆனது. சோளக்கொல்லை பொம்மையிடம் பேசினாள், அது எழுந்து துள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. கால்சிஃபரிடம் பேசினாள், அவன் பிழைத்தான். இத்தனை பேருக்கும் நல்ல வாக்குக் கொடுத்தவள் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். நான் மூத்தவள், எனக்கு எதுவும் சரிவராது. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறாள். அவள் வாய்க்கு இருக்கும் சக்திக்கு அதுவும் பலிக்காமல் என்ன செய்யும்!

ஹௌல் ஒரு இடத்தில் சொல்கிறான் இல்லையா, உன் சாபத்தை எடுக்க உனக்குத் தெரியாமல் பலமுறை முயன்றேன், எதுவும் வேலை செய்யவில்லை, உனக்கே இந்த வேஷம் பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிட்டேன், நீயேதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று. முதல் முறை அதை ஒரு வேடிக்கையாகப் படித்தேன். இப்போது எனக்குத் தெரிவது, அவன் ஆரம்பத்திலிருந்தே அந்தக் கிழவிக்குள் இருக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், சத்தம் போடாமல் மந்திரம் போட்டுப் பார்த்திருக்கிறான், பலிக்காதபோது அவளை வற்புறுத்தாமல் கிழவியாகவே இருக்க விட்டிருக்கிறான். அந்த முயற்சிகளெல்லாம் நான் படித்த சண்டைக் காட்சிகளுக்கு நடுவில் எங்கேயோ நடந்திருக்கின்றன. எந்தெந்த இடம் என்று ஊகித்து ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை மூன்று இடம் சந்தேகமாக இருக்கிறது. பச்சைக் கூழ் அத்தியாயத்துக்கு மறுநாள் காலையும் அதில் ஒன்று. பழையதாள், நீங்கள் ஐந்து முறை படித்தவர், உங்கள் பட்டியலையும் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.